வலி போச்சு... நடை வந்துச்சா?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நம்ம பீச் ரோட்டுக்குள்ள வண்டி விடமாட்டாங்க. கடலையும் பார்க்கலாம், கடலை போடுறவங்களையும் பார்க்கலாம். ஆனா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் வேற ஒண்ணைக் கவனிங்க பாஸ்! காந்தி சிலை பக்கம் உட்கார்ந்திருக்கிற பெரியவங்க எப்படி எழுந்திருக்காங்கன்னு பாருங்க. கையை ஊன்றி, ஒரு நிமிஷம் நின்னு, அப்புறம்தான் முதல் அடி. இடுப்பு மூட்டு தேய்ஞ்சவங்களுக்கு அந்த முதல் அடியில் உயிர் போய் உயிர் வரும்.

'இது தாத்தா மேட்டர்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. தொடை எலும்போட பந்து மாதிரியான தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு, எலும்பே செத்துப்போற 'ஏவஸ்குலர் நெக்ரோசிஸ்' இருபது, முப்பது வயசிலேயே வரும். அளவுக்கு மீறின குடியும், ஸ்டீராய்டு மருந்துகளும் அதுக்கு முக்கியக் காரணங்கள். நாம எந்த ஊர்ல இருக்கோம்னு ஞாபகப்படுத்தணுமா என்ன?

மூட்டு கெட்டா மாத்திடலாம். இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி, 1962-ல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் ஜோடி சேர்த்தார். அதுதான் இன்னைய ஆபரேஷனுக்கு அடித்தளம். அதுக்கு முன்னாடி அவர் வெச்ச டெஃப்லான் கிண்ணங்கள் சீக்கிரமே தேய்ஞ்சு சொதப்பிடுச்சு. அதனால ரெண்டு பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே வெச்சுச் சோதிச்சுப் பார்த்தார் மனுஷன்! நம்ம கோரிமேடு ஜிப்மர் வரைக்கும் இன்னைக்கு இந்த ஆபரேஷன் வந்தாச்சு.

சரி, ஆபரேஷன் பாஸா, ஃபெயிலா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மார்க் போடுறாங்க! 1969-ல் அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹாரிஸ் போட்ட கணக்கில் மொத்தம் 100. வலி இல்லைன்னா 44. நொண்டாம நடந்தா 11, கைத்தடி இல்லாம நடந்தா 11, எவ்வளவு தூரம் நடக்கிறீங்க என்பதுக்கு 11. ஷூ, சாக்ஸ் மாட்ட 4. நாற்காலியில் உட்கார 5. பஸ்ஸில் போக வெறும் 1. (நம்ம டவுன் பஸ் படிக்கட்டைப் பார்த்திருந்தா தாராளமா போட்டிருப்பார்!) தரையில் சம்மணம் போட? குத்துக்கால் வெச்சு உட்கார? அந்தக் கேள்வியே இல்லை. பந்தியில உட்கார்ந்து பழகின நம்ம ஆயாவுக்கு அதுதானே முதல் கவலை? பந்து நழுவிடும்னு பயந்து, 'கீழே உட்காராதீங்கம்மா'ன்னு நிறைய டாக்டர்கள் சொல்றாங்க. பேப்பர்ல 90 மார்க் எடுத்த ஆயா, கல்யாண வீட்டில் தனியா ஒரு சேரில்!

இன்னொரு சிக்கல், மார்க்கில் பெரும்பகுதி பேஷன்ட் வாயால் சொல்ற பதில். 'நல்லா நடக்கிறேன் டாக்டர்'னு அவங்க சொல்றது பொய் இல்லை, நம்பிக்கை. அதனாலதான் மிஷினைக் கட்டிவிட்டுப் பார்த்தாங்க. 1998-ல் அமெரிக்காவில் செயற்கை மூட்டுக்காரங்க இடுப்பில் பெடோமீட்டர் மாட்டினப்போ, சராசரி ஒரு நாளைக்கு 4,988 அடி. ஆனா, ஒருத்தர் 395, இன்னொருத்தர் 17,718! ரெண்டு பேருக்கும் மூட்டு ஒரே மாதிரியா தேயும்? பைக் டயர் மாதிரிதான். வருஷத்தைக் கேட்காதீங்க, ஓடின கிலோமீட்டரைக் கேளுங்க.

அடுத்ததுதான் ஷாக். 2014-ல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டு மாத்திக்கிட்டவங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியும், ஆறு மாசம் கழிச்சும் ஆக்சிலரோமீட்டர் கட்டினாங்க. வலி குறைஞ்சிருந்தது. மார்க் ஏறியிருந்தது. நடமாட்டம் மட்டும் ஏறவே இல்லை! வலிக்குப் பயந்து வருஷக்கணக்கா உட்கார்ந்த உடம்பு, வலி போனப்புறமும் உட்கார்ந்தே இருக்கு. நம்ம வீட்டைச் சொல்லவே வேணாம். 'நீங்க இருங்க தாத்தா, நான் எடுத்துத் தர்றேன்'னு தண்ணி சொம்பைக்கூட நாமதானே நீட்டுறோம்!

'செல்போன்லயே ஸ்டெப் கவுன்ட்டர் இருக்கே, தாத்தா பாக்கெட்ல போட்டா போச்சு'ன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உள்ளே இருக்கிற சின்ன சிப், உடம்பு குலுங்கும்போது வர்ற மேடு பள்ளத்தைத்தான் 'அடி'ன்னு எண்ணும். மெதுவா, காலை இழுத்து நடந்தா மேடே எழும்பாது, சில அடிகளை விட்டுடும். கையில் கட்டுற பேண்ட் இன்னும் மோசம். வாக்கரைப் பிடிச்ச கை ஆடவே ஆடாதே! கணுக்காலில் கட்டினா தேவலை.

நம்பலைன்னா, காந்தி சிலையில் ஆரம்பிச்சு, போனை சட்டைப் பையில் போட்டு, வாயால எண்ணி நூறு அடி சாதாரணமா நடங்க. அப்புறம் தாத்தா மாதிரி தேய்ச்சு நூறு அடி. இப்போ போன் காட்டுற ரெண்டு எண்ணையும் பாருங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி தேய்ச்சு நடந்தவர், அப்புறம் நிமிர்ந்து நடக்கிறார்னு வைங்க. நடந்த தூரம் அதேதான். ஆனா, போன் மட்டும் 'சூப்பர், அடி கூடிடுச்சு'ன்னு கைதட்டும்!