துன்பத்திடையே பிறந்த நம்பிக்கை

துன்பம் வந்துற்றபோது மனிதன் கேட்கும் முதற் கேள்வி, "இறைவன் எங்கே?" என்பதாகும். எச்சமயத்தவராயினும் இதனைக் கேளாதார் அரியர். இதற்குக் கிறித்தவ சமயம் அளிக்கும் விடையை நம் நாட்டிலே வாழ்ந்த ஒருவரது வரலாற்றிற் காணலாம். அவரே யோசவ்வாஸ் அடிகளார்.

1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என ஆணை பிறந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கத்தோலிக்க மக்கள் குருவுமின்றிப் பூசையுமின்றி வாழ்ந்தனர். ஆயினும், அடைத்த கதவுகளின் உள்ளே அவர்களுடைய செபம் ஓயவில்லை.

கோவாவிலே 1651இற் பிறந்த அடிகளார் இச்செய்தியைக் கேட்டு உள்ளம் உருகினார். 1687இல் கூலியாள் போல உடை தரித்து இலங்கைக்கு வந்தார். கரையேறியபோது வயிற்று நோயினால் நிற்கவும் வலியற்றிருந்தார். சற்றுத் தேறியதும், கழுத்திலே செபமாலையுடன் வீடு வீடாகச் சென்று பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்ந்ததோ, அவரே தாம் தேடி வந்தவர் என அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடையே மறைத்து வைத்துக் காத்தனர். இரவிலேதான் அவருடைய பணி நடந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் வேளையிலே வழிபாட்டுக்குக் கூடியோர் பலர் பிடிபட்டுச் சிறையுற்றனர்.

1692இல் அடிகளார் கண்டிக்குச் சென்றார். அங்கே போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அவரோ அச்சிறைவாசத்தைச் சிங்களம் கற்பதற்குப் பயன்படுத்தினார்!

1697இல் கண்டியிலே வைசூரி பரவிற்று. அரசனும் பிரதானிகளும் நகர் நீங்கினர். நோயுற்றோரை உற்றாரே கைவிட்டனர். அடிகளாரோ, தம் மருகராகிய குருவானவருடன், அந்நோயாளரைத் தேடிச் சென்றார். உணவும் மருந்தும் ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையாற் புதைத்தார். கிறித்தவர், பௌத்தர் என்னும் வேற்றுமை அவர் அறியார்.

2020இல் கொரோனா நோய் பரவியபோது, அயலவரைக் கண்டு நாம் அஞ்சி ஒதுங்கிய நாட்கள் நினைவிலுள்ளன. அவ்வச்சத்தை அறிந்த நமக்கு இச்செயலின் அருமை நன்கு விளங்கும்.

இறைவன் தாமே சிலுவையில் நொந்தார் என்பது கிறித்தவரின் நம்பிக்கை. ஆகவே, நோவுற்றவனை இறைவன் அகன்றான் என அவர் கருதுவதில்லை. அவன் அருகிலேயே இறைவனைக் காண்கின்றனர். அடிகளாருக்குச் சிறைக்கதவு உடனே திறந்துவிடவில்லை. வைசூரியும் ஒரு நாளில் ஒழிந்துவிடவில்லை. துன்பம் நீங்கும் என்னும் உறுதியன்று, துன்பத்திலே தனித்திலோம் என்னும் உறுதியே அவரைத் தாங்கிற்று. அவ்வுறுதியைப் பிறர்க்கும் அளிக்கவே அவர் நோயாளரின் பாயருகே அமர்ந்தார்.

1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி கண்டியிலே அடிகளார் உயிர் நீத்தார். 2015இல் கொழும்புக் காலிமுகத் திடலிலே அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. வேறு சமயத்தவராகிய நாமும், நம் பிள்ளைகளும், அவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. "இறைவன் எங்கே?" என்று கலங்கும் வேளையிலே, நம்மினும் நொந்திருப்பவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவோமாக.