மலைமேல் ஒரு கடற்போர்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகே, ஒரு நண்பரின் இல்லத்தில் நாம் சில தினங்கள் தங்கியிருந்தோம். சுற்றிலும் சாமை விளையும் சரிவுகள். அலையோசை எட்டாத இடம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நண்பரின் புதல்வர் இரவு வெகுநேரம் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஒரு மகாயுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். ஒருபுறம் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் அதன் துணைக் கப்பல்களும். மறுபுறம் ருஷ்யக் கப்பற்படை. "மலையில் பிறந்தவனுக்குக் கடற்சண்டை எதற்கு?" என்று தந்தையார் சலித்துக்கொண்டார். அக்கேள்வி அவருடையது மட்டுமன்று. தமிழ் மக்களில் பெரும்பாலோர் மனத்தில் உள்ளதே. ஆகவே அதற்கு விடை கூறுவது நமது கடமையெனத் தோன்றிற்று.

போரை விளையாடிப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் நமது தேசத்தில் பிறந்தது. பிரஷ்ய ராணுவம் 1824-ம் ஆண்டில் போர் விளையாட்டைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. 1898-ல் பிரெட் ஜேன் என்னும் ஆங்கிலேயர் கடற்போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவில் நியூபோர்ட் கடற்போர்க் கல்லூரியில், இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தரையையே சமுத்திரமாக்கி ஜப்பானுடன் பலமுறை பொருது பார்த்தனர். 1980-ல் லாரி பாண்ட் என்பவர் 'ஹார்ப்பூன்' என்ற விளையாட்டை அமைத்தார். அதைக்கொண்டே டாம் கிளான்ஸி 1986-ல் வெளிவந்த தமது நாவலின் கடற்போர்களைச் சோதித்துப் பார்த்தார். அவ்வழி வந்ததே இன்று மலைக்கிராமத்து மாணவன் கையிலும் இருக்கிறது.

இவ்விளையாட்டு கற்பிக்கும் முதற்பாடம் மலைவாசிக்கு நன்கு விளங்கும். உயரத்தில் நிற்பவன் தூரத்தைக் காண்பான். பூமி உருண்டையாதலால், 25 மீட்டர் உயரக் கம்பத்திலுள்ள ராடார், அலைகளுக்கு 5 மீட்டர் மேலே பறந்து வரும் ஏவுகணையைச் சுமார் 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே காணும். அது ஒலியின் வேகத்தில் வருமாயின் எஞ்சியிருப்பது ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வருமாயின் அரை நிமிஷமே. ஆனால் 8,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து நோக்கினால் 350 கிலோமீட்டருக்கு அப்பாலும் கண் செல்லும். விமானந்தாங்கிக் கப்பல் என்பது, தனக்கு வேண்டிய மலையைத் தானே சுமந்து செல்லும் கப்பல் என்று சொன்னால் பிழையாகாது.

அமெரிக்கருடைய பலம் இதில்தான் இருக்கிறது. கனத்த ராடார் விமானத்தையும் அவர்கள் கப்பலின் மேல்தளத்திலிருந்தே விசையால் எறிந்து பறக்கவிடுகிறார்கள். ருஷ்யருக்கு அவ்வசதி இல்லை. அவர்களுடைய ஒரே விமானந்தாங்கியான 'அட்மிரல் குஸ்நெத்சோவ்' 2018-ல் பழுதுபார்க்கப் புகுந்து, பின்னர் போர்ப்பணிக்குத் திரும்பவில்லை. ஆகவே அவர்களுடைய போர்முறை வேறு: நீர்மூழ்கிகளிலிருந்தும் குண்டுவீச்சு விமானங்களிலிருந்தும் ஏராளமான ஏவுகணைகளை ஒரே சமயத்தில் செலுத்தி, எதிரியின் தற்காப்பைத் திணறச் செய்வது. அறுபது கணைகள் வந்து ஐம்பது தடுக்கப்பட்டாலும், மீதி பத்து போதுமன்றோ?

இந்தியர் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 2013-ல் நமது படையில் சேர்ந்த 'விக்கிரமாதித்யா' ருஷ்யாவிடமிருந்து பெற்றது. 2022-ல் சேர்ந்த 'விக்ராந்த்' கொச்சியில் நாமே கட்டியது. இரண்டிலும் விமானங்கள் முன்புறச் சரிவுமேடையில் ஓடி எழுகின்றன, விசையெறி கிடையாது. எனவே முன்னறிவிப்புக்கு ஹெலிகாப்டரையே நம்ப வேண்டியிருக்கிறது. அது விமானத்தைப்போல் அவ்வளவு உயரமும் செல்லாது. அவ்வளவு நேரமும் நில்லாது. அமெரிக்கக் கப்பலைக் கண்டு நாமும் அவ்வாறே என்று மகிழ்வோர் இதை ஊன்றி நோக்குவார்களாக!

இவையெல்லாம் வெறுங் கற்பனையென்று தள்ளிவிடவும் முடியாது. 1971 டிசம்பரில், வங்காள விடுதலைப் போர் முடியுந் தறுவாயில், அணுசக்தியால் இயங்கும் 'என்டர்ப்ரைஸ்' என்ற விமானந்தாங்கியின் தலைமையில் ஓர் அமெரிக்கப் படை நமது வங்கக் கடலுக்குள் புகுந்தது. விளாடிவாஸ்டாக்கிலிருந்து புறப்பட்ட ருஷ்யக் கப்பல்கள் அதைப் பின்தொடர்ந்தன. அப்போது நம்மிடமிருந்ததோ கொதிகலனில் விரிசல் கண்டிருந்த பழைய 'விக்ராந்த்' ஒன்றே. எனினும் அக்கப்பலின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கி, எதிரிக்குக் கடல்வழியை அடைத்தன. அதைத் தேடி வந்த பாகிஸ்தானிய நீர்மூழ்கி 'காஜி', விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிற்று. விக்ராந்தோ அந்தமான் பக்கம் மறைந்திருந்தது. டிசம்பர் 16-ல் டாக்கா பணிந்தது. வல்லரசுகள் இரண்டும் ஒரு வேட்டும் தீர்க்காமல் திரும்பின. ஆயினும் பிறருடைய ஆட்டத்துக்கு நமது கடல் பலகையாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

மற்றொரு பாடமும் உண்டு. விளையாட்டில் உண்மை வேண்டும். 1942-ல் மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியர் தமது திட்டத்தை விளையாடிப் பார்த்தனர். தங்கள் விமானந்தாங்கிகள் இரண்டு மூழ்கியதாக நடுவர் தீர்ப்புக் கூற, தளபதி உகாக்கி அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். மூழ்கியதாக எஞ்சிய ஒன்றும் பின்னர் உயிர்பெற்று எழுந்தது. மெய்யான போரில் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. அவற்றை எழுப்ப எந்தத் தளபதியாலும் இயலவில்லை. 2002-ல் அமெரிக்கர் நடத்திய பெரும் பயிற்சியில், பகைவராக நடித்த வான் ரைப்பர் என்ற ஓய்வுபெற்ற தளபதி, ஒரு விமானந்தாங்கி உட்பட 16 கப்பல்களை மூழ்கடித்தார். உடனே ஆட்டத்தை நிறுத்தி, கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டுத் தொடர்ந்தனர். தோல்வியைக் காட்டும் கண்ணாடியை உடைப்பவனுக்குக் கண்ணாடி எதற்கு? கோவாவிலுள்ள நமது கடற்போர்க் கல்லூரியில் 2024-ல் திறக்கப்பட்ட கட்டிடத்துக்குச் 'சோழா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1025-ல் கடல் கடந்த இராஜேந்திரன் மரபை நினைவூட்டும் அக்கூடத்தில், கசப்பான தீர்ப்பையும் கேட்கும் துணிவு நிலவட்டும்.

புறப்படும் நாளில் அம்மாணவரை நாம் ஒன்று கேட்டோம்: "கப்பல் மூழ்கியது என்று திரையில் ஒரு வரி வருகிறதே, அதில் எத்தனை பேர்?" பெரிய அமெரிக்க விமானந்தாங்கியில் சுமார் 5,000 பேர், நமது புதிய விக்ராந்தில் சுமார் 1,600 பேர். அவர் சற்று நேரம் பேசவில்லை.

இம்மலையின் அடிவாரத்தில், செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில், பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை காக்க மாண்டவனின் பெயரை அவை கூறுகின்றன; எடுத்தனூர்க் கல்லோ, அவனுடன் நின்ற நாயின் பெயர் கோவிவன் என்பதையும் பொறித்து வைத்திருக்கிறது. போரைக் கணக்கிட்டுப் பார்க்கக் கற்பது அவசியமே. மலைநாட்டு இளைஞரும் கடலை அறிய வேண்டும். இந்நாட்டைக் காக்கும் கப்பல்களில் நாளை அவர்களும் நிற்கக்கூடும். ஆனால் அக்கணக்கில் மனிதனின் பெயர் விட்டுப்போகாதபடி காப்பதும் அவர்கள் கடமை. அவர்களுடைய முன்னோர் அதைக் கல்லில் எழுதி வைத்துச் சென்றிருக்கிறார்கள்.