அறுபதுக்கு மேல் தொடங்கும் முடக்கு வாதம்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை, தோளைத் தூக்க முடியவில்லை என்று அறுபது வயதைத் தாண்டியவர் சொன்னால், வீட்டில் கிடைக்கும் பதில் "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்பதே. பல நேரம் அது தேய்மானமாகவே இருக்கும். ஆனால் முடக்கு வாதம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் புதிதாகத் தொடங்குவதுண்டு. அதைத் தேய்மானம் என்று விட்டுவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய மூட்டுகள் சில மாதங்களிலேயே அரிக்கப்படத் தொடங்கும்.

தேய்மான வலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் தணியும். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விலகிவிடும். முடக்கு வாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அசைய அசையத்தான் இளகும். மூட்டு வீங்கியிருக்கும், தொட்டால் சூடு தெரியும்.

முதுமையில் இந்நோய் வரும் விதமும் சற்று வேறு. இளவயதினரிடம் பெரும்பாலும் விரல்களில் மெல்லத் தொடங்கும் நோய், முதியவர்களிடம் திடீரென்று, தோள்பட்டை போன்ற பெரிய மூட்டுகளையும் சேர்த்துப் பிடிப்பது அதிகம். காய்ச்சல், எடைக்குறைவு, அசதி சேர்ந்துகொள்ளும். ஆண்களும் ஏறக்குறைய சம அளவில் பாதிக்கப்படுகிறார்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. 'ஆர்.ஏ. ஃபேக்டர்' நோயில்லாத முதியவர்கள் சிலருக்கும் இருக்கும், நோயுள்ள சிலருக்கு இருக்காது. நம் ஊரில் சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீளும் மூட்டுவலியையும் மருத்துவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சையில்தான் வயது பெரிய தடையாகக் காட்டப்படுகிறது. "இந்த வயசுல எதுக்கு வீரியமான மருந்து" என்று வலி மாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள். இது எனக்கு ஏற்பில்லை. வலி மாத்திரை மூட்டு அரிப்பைத் தடுப்பதில்லை. ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்து ஓடும் உடம்பில் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கும்.

நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளில் முதலிடம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு. முதியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகத்தின் திறனைப் பார்த்தே அளவு முடிவாகும். மெலிந்த முதியவர்களுக்குத் தசை குறைவு. அதனால் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எண் சரியாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மற்ற மாத்திரைகளோடு தினமும் விழுங்கிவிட்டால் வாய்ப்புண், ரத்த அணுக்களின் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகும். எனவே கிழமையைச் சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது நல்லது. ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் எடுக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோட்ரைமாக்சசோல் இதனோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை செயலிழக்கலாம்.

ஸ்டீராய்டின் கதை பழையது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச், முடக்கு வாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் பிறகே தெரியவந்தன. 65 வயதுக்கு மேற்பட்ட 451 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த, 2022இல் வெளியான 'குளோரியா' ஆய்வில், தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது நோயும் மூட்டுச் சேதமும் குறைந்தன. தொற்று போன்ற பாதிப்புகள் கூடின. ஆகவே, குறைந்த அளவில், தேவையான காலம் வரை என்பதே நிதானமான வழி. சர்க்கரையையும் எலும்பு மெலிதலையும் கண்காணிக்க வேண்டும். பெயர் இல்லாமல் விற்கும் 'உடனே கேட்கும்' மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

இவற்றுக்கு அடங்காத நோய்க்கு உயிரியல் ஊசிகள் உண்டு, முதியவர்களுக்கும் பலன் தருகின்றன. அதற்குமுன் உடலில் பதுங்கியிருக்கும் காசநோயைத் தேடுவது இந்தியாவில் தவிர்க்க முடியாதது. இதே கட்டத்தில் தரப்படும் டோஃபாசிட்டினிப் மாத்திரையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இதய நோய்க்கான அபாயம் உள்ள, 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் சற்று அதிகமாகக் காணப்பட்டன.

சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றமும் ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலையும் வர வேண்டும் என்பது மூட்டுவாத நிபுணர்கள் வைத்திருக்கும் கெடு. வராவிட்டால் மருந்தை மாற்ற வேண்டும், அல்லது கூட்ட வேண்டும். எழுபது வயதுக்காரருக்காகவும் அந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கலாம்.