மங்கிய ஏட்டின் மர்மம்

எஞ்சினுக்கு இடும் மசகில் ஒரு கரிய பொடியைச் சேர்ப்பதுண்டு. மாலிப்டினமும் கந்தகமும் கூடிய பொருள் அது. அந்தக் கரிக்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம்.

புத்தகத்தின் ஏடுகளைப் போல் அதன் அணுக்கள் அடுக்கடுக்காய் அமைந்திருக்கின்றன. தலைமயிர் ஒன்றின் பருமனில் சுமார் ஒரு லட்சம் ஏடுகள் அடங்கும்! கட்டாக இருக்கையில், ஒளி பட்டு மேலெழுந்த எலெக்ட்ரான் கீழிறங்கும் வழி கோணலானது. சக்தி உஷ்ணமாய் வீணாகிறது. ஓரேட்டைத் தனியே உரித்தால் வழி நேராகிறது. ஏடு தானும் ஒளி வீசுகிறது. 2010-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்ட அதிசயம் இது.

ஆயினும் அவ்வொளி மிக மங்கல். உட்கொண்டதில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாகத் திரும்பவில்லை. 2015-இல் காலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் ஏட்டுக்கு வீரியமிக்க அமிலம் ஒன்றை ஊட்டினார்கள். நூற்றுக்கு 95-க்கு மேல் திரும்பிற்று! ஏட்டின் ஊனங்களை அமிலம் ஆற்றிவிட்டது என்றே எண்ணினார்கள்.

2019-இல் அதே சர்வகலாசாலையில் அமிலமின்றி, மின்னழுத்தத்தாலேயே அந்தப் பிரகாசத்தைப் பெற்றார்கள். ஊனங்கள் இருந்தபடியே இருந்தன. ஒளியைத் தின்றவை தேவைக்கு மிஞ்சிய எலெக்ட்ரான்களே. குறையைத் தேடியவர்களுக்கு மிகையன்றோ விடையாகக் கிடைத்தது!