வரிசையாகப் போவோம்

வயலுக்கோ விறகுக்கோ நாம் பெரும்பாலும் கூட்டமாகவே சைக்கிளில் போகிறோம். பக்கத்துக்குப் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போவது இன்பந்தான். பின்னால் வரும் லொறிக்கு வழி எங்கே? இடது கரையில் ஒருவர் பின் ஒருவராகப் போவோம். நமது முன்சில்லு முன்னே போகிறவரின் பின்சில்லில் உரசினால் விழுவது நாம்தான். ஆகவே இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுவோம். கரியலில் நெல்மூட்டை இருந்தால் இன்னும் கூட விடவேண்டும்; பாரம் ஏற்றிய சைக்கிள் பிரேக் பிடித்தவுடன் நிற்காது. பள்ளத்தைக் கண்டவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் அதைப் பின்னுக்குச் சொல்லவேண்டும். மெதுவாக மிதிப்பவர் முன்னே போகட்டும்.

நிற்பதானால் வீதியை விட்டு ஒதுங்குவதே முறை. ஆனால் 2009இல் போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் வன்னியில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு வந்தன. மண்டையோட்டுப் பலகை தெரியும் இடத்தில் மிதிபட்ட பாதையை விட்டு ஓரடியும் இறங்கக்கூடாது, சிறுநீர் கழிப்பதற்கும்கூட.