ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் உதறுகிறதா?

நாமகிரிப்பேட்டையிலிருந்து முள்ளுக்குறிச்சி போகும்போது, ஆக்சிலேட்டரை மிதித்தால் எங்கள் பெட்ரோல் கார் உதறியது. செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. (விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பொருள்!)

ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள ஓபிடி சாக்கெட்டில் இஎல்எம்327 புளூடூத் அடாப்டரைச் செருகி மொபைலில் படித்தேன். கிடைத்த கோட் பி0301. முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். காரணத்தை இது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார் என்றால், என்ஜின் ஆறியதும் முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 வந்தால் காயில்தான் பழுது. எனக்கு அப்படித்தான் வந்தது. புதுக் காயில் போட்டதும் உதறல் நின்றது. மறுபடி பி0301 வந்தால் ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். கோடே இல்லாமல் உதறினால் என்ஜின் மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.