மணலுள் வாழும் நத்தையும் மீன்தொட்டியும்

கண்ணாடித் தொட்டியிற் சிக்கிலிட் மீன் வளர்ப்போர் சிலர், அடியில் இட்ட மணலுள் நத்தைகளையும் வாழவிடுவர். நத்தை இருப்பின் தொட்டி தானே தூய்மையுறும் என்பது அவர்தம் நம்பிக்கை. அஃது எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சிக்கிலிட் நமக்கு அறிமுகமற்ற குடும்பமன்று. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியாவும் அக்குடும்பத்ததே. எனினும், தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படுவனவற்றுட் பல, ஆபிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா என்னும் பேரேரிகளுக்குரியன. அவ்வேரிகளின் நீர் காரத்தன்மை வாய்ந்தது.

மணலுட் புதையும் நத்தையை மலேசிய எக்காள நத்தை என வழங்குவர். 1774இல் தென்மார்க்கு அறிஞர் மியூலர், சோழமண்டலக் கரைக்குரியதாக இதனை விவரித்துப் பெயரிட்டார். இலங்கை நீர்நிலைகளிலும் இது வாழ்கின்றது. கூம்பு வடிவான இதன் ஓடு ஏறத்தாழ ஓரங்குல நீளமுடையது. பகலில் மணலுள் மறைந்திருந்து, இரவில் வெளிப்பட்டு, எஞ்சிய உணவையும் பாசியையும் அழுகிய இலைகளையும் உண்ணும்.

இதனால் விளையும் நன்மை யாது? நத்தை ஊர்ந்து கிளறுதலால் மணல் இறுகாது, ஒட்சிசன் உட்செல்லும். இறுகிய மணலிலோ, ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவைத் தோற்றுவித்தல் கூடும். நீரைப் பொறுத்தவரையும் இரண்டும் ஒத்துவாழ்வன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளின் நீர்போலக் கல்சியம் மிக்க நீர் நத்தையின் ஓட்டுக்கும் ஏற்றது.

ஆயினும், நத்தை உண்ட உணவு தொட்டியை விட்டு அகல்வதில்லை. அதன் கழிவும் நீரிலேயே கலந்து அமோனியாவைத் தருகின்றது. கார நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை மிகும். ஆதலின், நத்தையை நம்பி நீர் மாற்றுதலைக் கைவிடின் மீன்களே மடியும்.

இந்நத்தை குஞ்சுகளை ஈனுவது. பெரும்பாலும் ஆணின் துணையின்றியே பெருகுவது. ஒன்றே பலவாதற்கு வேண்டுவது உணவு மட்டுமே. எனவே, நத்தைகள் மிகுதல், நாம் இடும் உணவு மிகுதி என்பதற்குச் சான்று. உணவைக் கணக்கிடும் கணக்கப்பிள்ளையாக நத்தையைக் கொள்ளலாம். பகலிலும் அவை கூட்டமாகக் கண்ணாடியில் ஏறின், நீரில் ஒட்சிசன் குன்றியதோ என ஐயுறல் வேண்டும். அவை பூக்களால் சுவாசிப்பன.

நத்தைகளைக் குறைக்கச் செம்பு கலந்த மருந்தை இடுதல் தகாது. மணலுள் இறந்த நூற்றுக்கணக்கானவை அழுகி, நீரை ஒரே நாளிற் கெடுக்கும். இரவில் வெள்ளரித் துண்டொன்றை இட்டு, காலையில் அதில் மொய்த்தவற்றை எடுத்தலும், மீன்கள் இரண்டொரு நிமிடத்தில் உண்ணுமளவே உணவிடுதலும் போதும். வாய்க்காலிற் பொறுக்கிய நத்தைகளை நேரே தொட்டியில் விடுதலும் ஆகாது. மீனின் பூக்களைத் தாக்கும் தட்டைப்புழுக்களின் குடம்பிகளை அவை காவிவரலாம்.

எடுத்தவற்றைக் கிணற்றிலோ குளத்திலோ எறிதல் கூடாது. ஆசியாவுக்குரிய இந்நத்தையின் வகையொன்று மலாவி ஏரியிற் புகுந்து, அங்குள்ள நத்தைகளோடு உருவொற்றுமையால் வேறுபாடு தோன்றாது பரவியமை 2004இல் வெளியான ஆய்வொன்றாற் புலனாயிற்று. தொட்டியில் உதவும் உயிர், ஏரியில் அந்நியமாதல் கூடும். ஆதலின், நத்தையை வளர்ப்போர் அதன் தொகையையும் அது செல்லும் இடத்தையும் தம் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் கடனாகும்.